வாடகை குறைவு

எங்கள் வீட்டு விலாசத்தை அந்தக் காலத்தில் நாங்கள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பட்டர்வொர்த் என்போம். பட்டர்வொர்த்தில் எந்த இடம் என்று கேட்டால் பாகான் பக்கம் என்று கையை வீசிக் காட்டுவோம். அதற்கும் மேலே துருவுகிறவர் கல்யாணப் பேச்சோடு வந்தவராகத்தான் இருப்பார். அவரிடம் மறைக்க முடியாது. "ஓ, மாக் மண்டினா?" என்று அவர் கேட்கும்போது குரல் ஒரு படி இறங்கும். என் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல வரன் அந்தப் படியிலேயே இறங்கிப் போய்விட்டது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை. "பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, இடம்தான்..." என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மூன்று புள்ளிகளுக்குள் எங்கள் கம்பத்துக் குடியிருப்பு மொத்தமும் அடங்கிவிட்டது.

இப்போது அதே பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து எங்கள் பிளாட்டின் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள் வீட்டுத் தரகர்கள். அவர்களில் ஒரு தமிழ்ப் பையனை நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு? ஸ்ட்ராட்டஜிக் லொக்கேஷனா?"

"ஆமா ஆன்ட்டி. பினாங்கு சென்ட்ரல் பக்கம், ஹைவே பக்கம், பாலமும் தூரமில்ல. எல்.ஆர்.டி. வேற வரப் போகுது."

"லிஃப்ட் இல்லன்னு போடலையே?"

"ஐயோ, அதப் போட்டா யாரு கூப்பிடுவா? வாடகை குறைவுன்னு போட்டிருக்கேன்ல, அதுலயே எல்லாருக்கும் புரிஞ்சிரும் லா."

கெட்டிக்காரப் பையன். எங்கள் இடத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதிலேயே நேர்மையான வாசகம் அதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவது தீவை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய தீவு. ஜோர்ஜ்டவுன், கொடிமலை, தண்ணீர்மலை முருகன், லிட்டல் இந்தியா. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் செபராங் பிறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து வாங்கியது. தீவுக்குக் காவலும் வேண்டும், சோறும் வேண்டும் என்பதுதான் காரணம். ஆக, முதல் நாளிலிருந்தே தீவு முன்கட்டு, நாங்கள் பின்கட்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் இந்தக் கரையில்தான்.

மாக் மண்டினுக்கு இன்னொரு பெருமை உண்டு. யாரும் கொண்டாடாத பெருமை. 1960களின் தொடக்கத்தில், வோங் பாவ் நீ முதலமைச்சராக இருந்த நாளில், மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டையை இங்கேதான் அமைத்தார்கள். பினாங்கின் தொழில் வளர்ச்சியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் 1972-இலிருந்துதான் தொடங்குவார்கள்: லிம் சோங் இயூ, பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலையம், இன்டெல் என்று பேச்சு தீவிலேயே சுற்றிவிட்டு முடியும். அதற்குப் பத்து வருஷம் முன்பே காலைச் சங்கு கேட்டு எழுந்து, கறுப்புச் சளி துப்பிக்கொண்டு வேலைக்குப் போன ஊர் ஒன்று எதிர்க்கரையில் இருந்தது என்பது யாருடைய பேச்சிலும் வராது.

அப்பா தோட்டத்துப் பிள்ளை. பால் மரம் வெட்டியவர். வெள்ளைக்காரத் தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியுமா? அப்பாவின் தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமானோடு லோரியில் வந்து இறங்கிய இடம் மாக் மண்டின். இங்கே லோரியிலேயே மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. சித்தப்பாவுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை கிடையாது. 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றானதும் அவர் கப்பல் ஏறிவிட்டார். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அங்கே அவரைப் 'பினாங்குக்காரர்' என்று கூப்பிட்டார்களாம். இங்கே இருந்தவரை ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

எங்கள் வீடு பலகை வீடு, தகரக் கூரை. நிலம் அரசாங்கத்துடையது. டி.ஓ.எல். என்று ஒரு தாள் உண்டு. தற்காலிகக் குடியிருப்பு உரிமம். வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகம் என்று அச்சடித்த அந்தத் தாளை நம்பி என் பெற்றோர் நாலு பிள்ளைகளை வளர்த்தார்கள், மாங்கன்று நட்டு அது காய்த்த பழத்தை ஊருக்கே கொடுத்தார்கள், மூத்தவளுக்கு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணமும் செய்தார்கள். நிரந்தரம் என்று பட்டா கொடுத்த பிளாட்டில்தான் பத்து வருஷத்துக்குள் கூரை ஒழுக ஆரம்பித்தது.

அந்தப் பலகை வீட்டைப் பற்றி இப்போது எல்லோரும் உருகுகிறார்கள். உருகட்டும். ஆனால் விடியுமுன் குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, அதை யாரும் நகர்த்திவிடாமல் இருக்கக் குத்துக்காலிட்டுத் தூங்கியவள் நான். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. மழைக்காலத்தில் இரவு நேரத்தில் அங்கே போக வேண்டுமென்றால் டார்ச் லைட், குடை, துணைக்கு ஒரு தங்கை என்று மூன்றும் வேண்டும். தங்கைக்கு ஐந்து காசு கூலி. காற்று அடித்தால் தொழிற்பேட்டை இரும்புத்தூள் காயப்போட்ட துணியில் வந்து உட்காரும். வெள்ளைச் சட்டை பள்ளிக்கூடம் போவதற்குள் பழுப்பாகிவிடும். எங்கள் வகுப்பில் மாக் மண்டின் பிள்ளைகளைச் சட்டை நிறத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

அம்மா ஆஸ்திரேலியக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். 1950களிலிருந்து பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய ஆகாயப்படை இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்து தங்கியிருந்தார்கள். துணி துவைக்க, பிள்ளை பார்க்க, புல் வெட்ட என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு அங்கே பிழைப்பு. மிஸ்ஸி நல்லவள். ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அலமாரியைக் காலி செய்து அம்மாவிடம் கொடுப்பாள். அப்படி வந்ததுதான் வெஜிமைட். கரேலென்று, வாயில் வைத்தால் உப்புக் கரித்து, மூக்கில் ஏறும். ரொட்டியில் தடவி நாங்கள் துப்பியதைப் பார்த்த அம்மா, வீணாக்க மனமில்லாமல் மறுநாள் புளிக்குழம்பில் ஒரு கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டாள். அப்பா இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன குழம்புக்கா, வாசம் இந்தத் தூக்குத் தூக்குது?" என்றார். "வெள்ளைக்காரன் புளி" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் பல வீடுகளில் கருவாட்டுக் குழம்புக்கு வெள்ளைக்காரன் புளி போட்டார்கள். 1988-இல் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனபோது அம்மாவின் வேலையோடு அந்தப் புளியும் நின்றது. இப்போது பேரங்காடியில் இறக்குமதிச் சாமான் தட்டில் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு நான் சாதாரணப் புளியையே எடுத்து வந்தேன்.

கம்பத்தை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வருஷக்கணக்காக நடந்து, ஒரு நாள் உண்மையானது. மலிவு வீடு 25,000 வெள்ளிக்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் 1982-இல் உச்சவரம்பு வைத்திருந்தது. அப்பா சேமநிதியிலிருந்து எடுத்தார், அம்மா கூட்டு பிடித்தாள், மிச்சத்துக்கு வங்கிக்கடன். குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது நான்காவது மாடி. ஐந்து மாடிக் கட்டடம். அந்த உயரத்துக்கு லிஃப்ட் போடவில்லை. ஏழைக்கு முழங்கால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலும். குடிபோன அன்று வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருப்பதைப் பார்த்துப் பாட்டி முகம் சுளித்தார். "அடுப்பங்கரைக்குப் பக்கத்துல இத வச்சுக் கட்டிருக்கானே, இவன் மனுசனா?" நாங்களோ மாறி மாறி இழுத்துத் தண்ணீர் விட்டுத் தொட்டியைக் காலி செய்தோம்.

அந்த பிளாட்டை நான் திட்டமாட்டேன். மழை பெய்யும்போது குடையில்லாமல் ஒரு வீட்டுக்குள் நடமாடலாம் என்பதை எனக்குக் காட்டியது அதுதான். திட்ட வேண்டியது வேறு இடத்தில். கட்டிக் கொடுத்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்; தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது, படிக்கட்டு விளக்கு எரியவில்லையென்றால் யாரைக் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது சட்டமெல்லாம் இருக்கிறது. 2013-இன் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கூட்டு நிர்வாகக் குழு, பராமரிப்புக் கட்டணம், ஆண்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. மலிவு அடுக்குமாடிகளின் பெரிய பழுதுகளுக்கு மாநில அரசாங்கம் 80 விழுக்காடு போடும் திட்டமும் உண்டு. மிச்சம் 20 விழுக்காட்டைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். சிக்கல் அந்த இருபதில் இருக்கிறது. வீட்டுக்காரர்களில் பலர் இங்கே இல்லை. சிம்பாங் அம்பாட்டில் மாடி வீடு வாங்கிக்கொண்டு போனவர்கள். வாடகைக்கு இருப்பவர் "வீட்டுக்காரரைக் கேளுங்க" என்பார். வீட்டுக்காரர் போனை எடுக்கமாட்டார். கூட்டத்துக்கு ஆள் சேராமல் ஒத்திவைத்து, அரைமணி கழித்து வந்த ஆளை வைத்தே நடத்துவோம். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: மேல்மாடியிலிருந்து பாம்பர்ஸ் எறிவது யார்? இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. இத்தனைக்கும் ஐந்தாம் மாடியில் கைக்குழந்தை இருப்பது ஒரே ஒரு வீட்டில்தான்.

எனக்கு எஸ்.பி.எம். பரீட்சை முடித்ததும் பாயான் லெப்பாஸில் வேலை. மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை வைத்துத் தங்கக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. விடியுமுன் ஃபெக்டரி பஸ் மாக் மண்டின் சந்திக்கு வரும். பஸ்ஸோடு படகில் ஏறித் தீவுக்குப் போவோம். படகு அதிக நேரம் ஓடாது. அதற்குள் தூங்கி, கனவு கண்டு, எழுந்து உதட்டுச் சாயம் பூசிக்கொள்ளும் பெண்கள் இருந்தார்கள். 1985-இல் பாலம் திறந்தார்கள். 13.5 கிலோமீட்டர், அப்போது அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. இனிப் படகுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அதே வருஷம் பொருளாதார மந்தம் வந்து எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். தீவுக்குப் போக வழி அகலமானபோது போய்ச் செய்ய வேலை இல்லை. பிறகு மாக் மண்டின் தொழிற்பேட்டையிலேயே ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து, ஓய்வுபெறும்வரை சைக்கிளில் போய் வந்தேன்.

பாலத்துக்கும் படகுக்கும் ஒரு பொது குணம் உண்டு. இரண்டிலும் தீவுக்குப் போகும்போதுதான் காசு. தீவிலிருந்து வரும்போது கிடையாது. பாலத்துச் சாவடி பிறைப் பக்கம் இருக்கிறது, படகுக்கான டிக்கெட் முகப்பு பட்டர்வொர்த்தில் இருக்கிறது. போய்த் திரும்புவதற்குச் சேர்த்துத்தான் ஒரே இடத்தில் வாங்குகிறோம் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனாலும் தினமும் காலையில் கையை நீட்டுகிறவன் யார், பையைத் துழாவுகிறவன் யார் என்று பார்த்தால் அது எப்போதும் எங்கள் பக்கத்து ஆளாகவே இருக்கிறது. மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் 2019 ஜனவரி 1 முதல் பாலத்தில் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். எங்கள் பிளாட்டில் அன்று பாயசம் வைத்த வீடுகள் உண்டு, மிகைப்படுத்தவில்லை.

பெரியம்மா தீவுக்காரர். லிட்டல் இந்தியாவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் அறை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் அவர் கொடுத்த வாடகை எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தைவிடக் குறைவு. தைப்பூசத்துக்கு அங்கே போனால் எங்களைத் தோட்டத்துச் சொந்தம் என்றே அறிமுகப்படுத்துவார். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2000 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. பெரியம்மா பெட்டியோடு படகில் ஏறி எங்கள் பிளாட்டுக்கு வந்தார். முதல் நாள் நான்காம் மாடிக்கு ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இங்க வாடகை எவ்வளவு சொல்றாங்க?" என்று கேட்டார். எட்டு வருஷம் கழித்து, 2008-இல், ஜோர்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. பாரம்பரியத்தில் பாதி அதற்குள் காலி செய்துகொண்டு எதிர்க்கரைக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷம் தீவில் மாடு வளர்த்துப் பால் கறந்துகொண்டிருந்த தமிழர் கம்பம், கம்போங் புவா பாலா, இடிபட்டது. பெரியம்மா இருந்த வீடு இப்போது ஓட்டல். மரப்படியை அப்படியே வைத்திருக்கிறார்கள், அது அழகாம். அங்கே ஒரு நல்ல அறையில் ஒரு ராத்திரி தங்கும் காசில் எங்கள் பிளாட்டில் ஒரு மாசம் இருக்கலாம்.

2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற ஓவியர் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. சென்னையில் கண்ணகி நகரிலும் 2020-இல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஊர் நடுவிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட ஏழைகளின் இடம் அது. அங்கேயும் பையன்கள் வேலைக்கு எழுதிப்போடும்போது வேறு விலாசம் கொடுப்பார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தத் துறைமுகக் கிராணி ஞாபகம் வந்தது. எங்கள் படிக்கட்டுச் சுவரிலும் எழுத்து உண்டு. எல்லாம் எண்கள்.

அந்தக் காலத்தில் மாக் மண்டினில் எண் என்றால் ஏகோர். நாலு நம்பர். மாமரத்தில் பாம்பு ஏறினால் அதற்கு ஒரு நம்பர், லோரி கவிழ்ந்தால் அதன் நம்பர். பாட்டி கனவில் தாத்தா வந்து பேசாமல் போனால்கூட அதிலிருந்து ஒரு நம்பர் எடுத்துவிடுவார்கள். இப்போது எண் என்றால் வேறு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, எங்கள் படிக்கட்டில் பல வருஷமாக எழுதியிருந்த எண்கள் செய்தித்தாளில் அச்சாகி வந்தன. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் விட்டுவைத்த சொத்து அந்த இரட்டை இலக்கம்.

பெரியம்மா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சவப்பெட்டி மேலே வந்துவிட்டது, இறக்குவதுதான் பிரச்சினை. எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் மேசையே திரும்பாது. பெட்டியைப் படுக்கைவசமாகக் கொண்டுபோக முடியாமல், தலைப்பக்கத்தைத் தூக்கி ஏறக்குறைய நிற்கவைத்துத்தான் திருப்ப வேண்டும். ஆம்பளைகள் எல்லோருக்கும் முட்டிவலி, சர்க்கரை, நெஞ்சில் ஸ்டென்ட். கீழே மோட்டார்சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஆறு பேர் ஏறி வந்தார்கள். கழுத்தில் பச்சை குத்தியவன் முன்னால் நின்று, "பாட்டி தலை மோதாமப் பாத்துக்கடா" என்று அதட்டியபடி நான்கு மாடியும் இறக்கினான். மின்சுடலை வரை வந்து, சாப்பிடாமல் போய்விட்டார்கள். அடுத்த மாதம் எங்கள் தளத்தில் தண்ணீர் மீட்டர்கள் காணாமல் போயின. பித்தளை, பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. அந்த ஆறு பேரில் ஒருவன்தான் என்பது என் எண்ணம். பெட்டியை அவ்வளவு பதமாகத் திருப்பியவனுக்கு ஒரு மீட்டரைக் கழற்றுவது பெரிய காரியமா என்ன?

இப்போது எதிர்வீட்டில் வங்காளதேசத்துப் பையன்கள். எத்தனை பேர் என்று சரியாகத் தெரியாது. பகல் ஷிப்டுக்கு ஒரு கூட்டம் இறங்கினால் இரவு ஷிப்டு முடிந்து ஒரு கூட்டம் ஏறுகிறது. தொழிற்பேட்டையில் மூட்டை தூக்குவது இப்போது அவர்கள்தான். எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் இத்தனை பேரா, சத்தம் போட்டுப் பேசுகிறான்கள், வாசலெல்லாம் செருப்பு, சமைத்தால் வாசம் தாங்கவில்லை, நம்ம வேலையெல்லாம் எடுத்துக்கொண்டான்கள். பாட்டி உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பார், இந்த வசனம் ஒவ்வொன்றும் லயத்தில் இருந்தபோது எங்களைப் பற்றிக் கேட்டதென்று. ஒரு சொல்கூட மாறவில்லை. பேசும் வாய்தான் மாறியிருக்கிறது. அவர்களில் மூத்தவன் என்னைக் 'காக்', அதாவது அக்கா, என்று மலாயில் கூப்பிடுவான். என் அரிசி மூட்டையைக் கேட்காமலே மேலே கொண்டுவந்து வைத்துவிடுவான். அவன் சமைக்கும் கருவாட்டு வாசம் வரும் நாளில் எனக்கு அம்மாவின் குழம்பு நினைவுக்கு வருகிறது. எங்கள் நிர்வாகக் குழுத் தலைவருக்கு அதே வாசத்தில் தலைவலி வருகிறது.

வளர்ச்சியே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2019 செப்டம்பர் 16-இல் செபராங் பிறை மாநகரமாகிவிட்டது. ஜோர்ஜ்டவுனுக்கு அந்தத் தகுதி 1957-லேயே கிடைத்தது. எங்களுக்கு 62 வருஷம் கழித்து. குப்பை லோரியில் எழுதியிருந்த எழுத்து மாறியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய புயல்மழையில் மாநிலமே மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். அதுவரை படியேற வேண்டாம் என்று எல்லோரும் பொறாமைப்பட்ட கீழ்த்தளத்து வீடுகளில் குளிர்சாதனப்பெட்டி மிதந்தது. அன்று ராத்திரி கீழ்த்தளம் முழுக்க எங்கள் மாடியில்தான் படுத்திருந்தது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக 10ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். தண்ணீர் லோரி வந்தது. வாளியை வரிசையில் வைத்தேன். இந்த வயதில் குத்துக்காலிட முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டேன், முன்னேற்றம் அவ்வளவுதான். நான்காம் மாடிக்கு இரண்டு வாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் எதிர்வீட்டுப் பையன். அவனுக்கு ஐந்து காசு கொடுத்தால் சிரிப்பான்.

எங்கள் பழைய கம்பத்து ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தீவில் கொண்டோவில் இருப்பவர்கள், கோலாலம்பூரில் இருப்பவர்கள், பெர்த்தில் இருப்பவர்கள். தினம் ஒரு ஏக்கம். அந்த மாமரம் இருந்ததே, அந்தக் குழாயடி இருந்ததே, கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோமே. திருட ஒன்றும் இல்லாத வீட்டில் கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது என்று பதில் எழுத எனக்குக் கை துறுதுறுக்கும். "மாக் மண்டின் போல வருமா, அந்த வாழ்க்கை இனிக் கிடைக்குமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்.

கிடைக்கும். மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டைத் தூசி இன்றும் வருகிறது. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறும்போது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வந்து கேட்டால் திறந்து காட்டுகிறேன். 2023 ஆகஸ்டில் விட்ட புதிய படகுகள் காரை ஏற்றுவதில்லை, ஆகவே கொண்டோவில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்து ஏறுங்கள். தீவிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவரிடம் காசு வாங்கமாட்டார்கள். திரும்பிப் போவதென்றால் இரண்டு வெள்ளி.